ஃபோர்மட் அடிக்க முதல் ஒருக்கா பாருங்கள்

கொழும்பில் கொம்பியூட்டரில் பாட்டு வேலை செய்கிற யாரிடமாவது போய் "ரெண்டு சொஃப்ட்வெயார் ஒண்டோட ஒண்டு அடிபடுது" என்று சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே மருந்துதான் கிடைக்கும்: ஃபோர்மட் அடி. கடைக்குக் கொண்டுபோனாலும் அதேதான். பின்னேரம் வந்து எடுங்கோ என்பார்கள். போனால் விண்டோஸ் புத்தம் புதிதாக, வெளிச்சமாக, உங்களுடைய ப்ளகின், அதாவது பாட்டு சொஃப்ட்வெயாருக்குள் ஏற்றுகிற துணைச் சொஃப்ட்வெயார், ஒன்றுகூட இல்லாமல் இருக்கும். சத்தமும் வரும். வரத்தானே வேண்டும், அடிபடுவதற்கு அங்கே இரண்டாவது ஆள் இல்லையே. பிறகு நீங்கள் ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டு முடிக்கும்போது பழைய கரைச்சலும் திரும்பி வந்து குந்தியிருக்கும்.

எனக்கு இந்த மருந்தில் நம்பிக்கை இல்லை. நான் பார்த்த வரைக்கும் இசைச் சொஃப்ட்வெயார்கள் நேருக்கு நேர் சண்டை பிடிப்பது மிக அரிது, ஒன்று இருப்பதே மற்றதற்குத் தெரியாது. இரண்டுக்கும் பொதுவான ஏதோ ஒன்றை, ஒலிச் சாதனத்தையோ, அது ஓடும் வேகத்தையோ, ப்ளகின் கிடக்கும் ஃபோல்டரையோ, ஒன்று பிடித்து வைத்திருக்க மற்றது வந்து கேட்கிறது, அவ்வளவுதான். பிடித்து வைத்திருப்பது யார் என்று கண்டுபிடித்தால் வேலை முக்கால்வாசி முடிந்தது.

ஒரு மெஷினில் ஏன் நாலைந்து சொஃப்ட்வெயார் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். பீட் செய்கிற தம்பி எஃப்எல் ஸ்டூடியோவில் பழகினவன், அவன் அனுப்புவது அந்தக் கோப்பு. மிக்ஸ் பண்ணுகிற அண்ணா கியூபேஸை விட்டு வரவே மாட்டார். வானொலி விளம்பரத்துக்குக் குரலை வெட்டி ஒட்ட ஓடாசிட்டி போதும், காசும் இல்லை. எனக்கு ரீப்பர். இவ்வளவும் போதாதென்று அதே லப்டொப்பில்தான் பிள்ளையின் சூம் வகுப்பு, கனடாவில் இருக்கிற சித்தியோடு வாட்ஸ்அப்பில் கதை. பாட்டுக்கென்று தனி மெஷின் வைத்திருங்கள் என்று வெளிநாட்டு வீடியோக்களில் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து ஒரே பாய்ச்சலில் 360 வரைக்கும் போனதைப் பார்த்த ஊரில் அந்த அறிவுரையைக் கேட்டுத் தலையாட்டலாம், வாங்கத்தான் ஏலாது. இருக்கிற ஒன்றில் எல்லாரும் இருக்கட்டும் என்பதுதான் இங்கே நிலைமை.

சரி, முதலில் அந்த ஒலிச் சாதனம். விண்டோஸின் வழக்கமான பாதையால் சத்தம் போனால் இடையில் கலக்கிறது, மாற்றுகிறது என்று நேரம் போய்விடும், பாடுகிறவர் தன்னுடைய குரலை ஹெட்ஃபோனில் பிந்திக் கேட்டுத் தடுமாறுவார். இதைத் தவிர்க்கத்தான் ஜேர்மனியின் ஸ்டெய்ன்பேர்க் நிறுவனம் 1997இல் ஏஸியோ என்ற வழியைக் கொண்டுவந்தது. சொஃப்ட்வெயார் நடுவில் ஆள் வைக்காமல் நேரே இன்டர்ஃபேஸின் (மைக்கையும் ஹெட்ஃபோனையும் கொம்பியூட்டரோடு இணைக்கிற ஒலிப் பெட்டி) டிரைவரோடு, அதாவது அந்தப் பெட்டியை ஓட்டுகிற சொஃப்ட்வெயாரோடு, கதைக்கும். வேகம் கிடைத்தது, ஆனால் ஏஸியோ டிரைவர்களில் பல ஒரு நேரத்தில் ஒருவரோடுதான் கதைக்கும். வெள்ளவத்தையில் ஒரே ஒரு குளியலறை உள்ள அபார்ட்மென்டில் ஐந்து பேர் இருந்தால் காலையில் என்ன நடக்குமோ அதுதான் இங்கும். உள்ளே போனவர் தாழ்ப்பாள் போட்டுவிட்டார், வெளியே நிற்பவர் தட்டுகிறார், சாதனத்தைத் திறக்க முடியவில்லை என்று திரையில் எழுத்து வருகிறது. நாங்களோ வெளியே நிற்பவருக்குத்தான் ஏதோ வருத்தம் என்று நினைத்து அவரை அழித்துப் புதிதாகப் போடுகிறோம்.

உள்ளே போனவரை வெளியே வரச் சொல்லும் வழி அனேகமாக அந்தந்த சொஃப்ட்வெயாருக்குள்ளேயே இருக்கிறது, யாரும் அதைத் தேடிப் பார்ப்பதில்லை. கியூபேஸில் ஸ்டூடியோ செட்டப்புக்குப் போனால், பின்னணிக்குப் போகும்போது டிரைவரை விட்டுவிடு என்று ஒரு தெரிவு உண்டு. ரீப்பரில் ஓடியோ அமைப்புகளுக்குள், நிறுத்தியிருக்கும் நேரத்தில் வேறு ஜன்னலுக்குப் போனால் சாதனத்தை மூடு என்று ஒன்று. எஃப்எல் ஸ்டூடியோவில் ஓட்டோ குளோஸ் டிவைஸ். மூன்றையும் சரி போட்டுவிட்டால் ஒன்றிலிருந்து மற்றதற்கு ஜன்னல் மாறுவதே போதும், மூடித் திறக்கத் தேவையில்லை. ஓடாசிட்டி இந்த வரிசையில் வராது. வழக்கமாகத் தரவிறக்கும் பதிப்பில், லைசன்ஸ் சிக்கல் காரணமாக, ஏஸியோ வசதி நீண்ட காலமாக இருக்கவில்லை, அது விண்டோஸின் சாதாரணப் பாதையால்தான் போய்வந்தது.

இன்டர்ஃபேஸ் இல்லாமல் லப்டொப்பின் சொந்த ஒலியட்டையிலேயே வேலை செய்பவர்கள் ஏஸியோ ஃபோர் ஓல் என்ற பொது டிரைவரைப் போட்டிருப்பார்கள். அதன் ஜன்னலில் சாதனத்தின் பெயருக்குப் பக்கத்தில் சிவப்புப் புள்ளடி வந்தால் பயப்பட வேண்டாம், அனேகமாக வேறு யாரோ அந்தச் சாதனத்தை எடுத்து வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அந்த யாரோ பெரும்பாலும் பிரவுசரில் நீங்கள் மறந்துபோன ஒரு யூடியூப் டாப்.

இதைவிடச் சூட்சுமமான ஒன்று இருக்கிறது, நான் யாருடைய மெஷினைப் பார்க்கப் போனாலும் முதலில் இதைத்தான் பார்ப்பது. சொஃப்ட்வெயாரை மூடியாயிற்று, ஜன்னல் இல்லை, கீழே ஐகனும் இல்லை. ஆனால் டாஸ்க் மனேஜரைத் திறந்து விபரப் பட்டியலில் பார்த்தால் அது அங்கேயே படுத்துக்கிடக்கிறது. ஏதோ ஒரு ப்ளகின் ஒழுங்காக மூடுபடாமல் அதைப் பிடித்து வைத்திருக்கும், அது டிரைவரைப் பிடித்து வைத்திருக்கும். அந்த வரியைத் தெரிவு செய்து என்ட் டாஸ்க் கொடுத்த உடனே அடுத்த சொஃப்ட்வெயார் ஒன்றுமே நடக்காத மாதிரித் திறக்கும். ரீஸ்டார்ட் பண்ணினால் சரியாகிறது என்று சொல்கிற கோளாறுகளில் கணிசமானவை இதுதான். ரீஸ்டார்ட் பண்ணுவதில் தப்பில்லை, ஆனால் எதனால் சரியாயிற்று என்று தெரியாமல் போய்விடும், நாளைக்குத் திரும்ப வரும்.

விண்டோஸ் தன் பங்குக்கு இரண்டு வேலை செய்யும். கொன்ட்ரோல் பனலில் சவுண்ட் என்ற பழைய ஜன்னலைத் திறந்து, சாதனத்தின் மேல் இரண்டு தரம் க்ளிக் பண்ணி, அட்வான்ஸ்டுக்குப் போனால் அடியில் இரண்டு பெட்டிகள் இருக்கும். ஒன்று, ஒரு சொஃப்ட்வெயார் இந்தச் சாதனத்தை முழுதாகத் தன் கையில் எடுத்துக்கொள்ள விடலாமா என்பது, மற்றது அப்படி எடுப்பவருக்கு முன்னுரிமை கொடுக்கலாமா என்பது. ஏஸியோ இல்லாமல் விண்டோஸ் பாதையால் வேலை செய்பவர்களுக்குச் சத்தம் மாறி மாறிக் காணாமல் போனால் இந்த இரண்டையும் எடுத்துவிட்டுப் பாருங்கள். இன்னொன்று அதே ஜன்னலின் கம்யூனிகேஷன்ஸ் என்ற பக்கம். அழைப்பு வந்தால் மற்றச் சத்தங்களை 80 வீதம் குறை என்பதுதான் அங்கே இயல்பாக இருக்கும் தெரிவு. மிக்ஸ் பண்ணிக்கொண்டிருக்கையில் பாட்டு திடீரென்று பின்னறைக்குப் போன மாதிரிக் கேட்டால் சத்தத்தின் ஏற்ற இறக்கத்தை அடக்குகிற கொம்ப்ரெஸரைத் திருகத் தொடங்காதீர்கள், எங்கேயோ ஒரு அழைப்பு சொஃப்ட்வெயார் கண்விழித்திருக்கிறது. ஒன்றும் செய்யாதே என்ற தெரிவைப் போட்டுவிட்டால் முடிந்தது.

இனி சாம்பிள் ரேட், அதாவது ஒரு செக்கனில் சத்தத்தை எத்தனை தரம் அளந்து எண்ணாக்குகிறது என்பது. இதைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் எனக்கு ஆறாது, ஏனென்றால் மற்றக் கோளாறுகள் சத்தத்தை நிறுத்தும், நாங்கள் கவனிப்போம். இது சத்தத்தை நிறுத்தாமல் மாற்றிவிடும்.

சீடி காலத்திலிருந்து பாட்டுக்கு 44.1 கிலோஹேர்ட்ஸ், வீடியோவுக்கு 48. எந்த எண் என்பதில் சண்டை தேவையில்லை, ஆனால் ஒரு இன்டர்ஃபேஸ் ஒரு நேரத்தில் ஒரு வேகத்தில்தான் ஓடும். காலையில் ஒரு வீடியோக் கூட்டத்துக்குத் திறந்த சொஃப்ட்வெயார் அதை 48இல் பிடித்து வைத்திருக்க, மத்தியானம் 44.1இல் பதிந்த பாட்டைத் திறந்தால், சில சொஃப்ட்வெயார்கள் தாங்களே கணக்குப் போட்டு மாற்றிக்கொள்ளும், சில அப்படியே 48இன் வேகத்தில் ஓட்டிவிடும்.

தெஹிவளையில் நண்பர் ஒருவரின் வீட்டு ஸ்டூடியோவில் கோயில் திருவிழாவுக்காக ஒரு பக்திப் பாட்டு. பாடியவர் கொட்டாஞ்சேனையில் சங்கீதம் படிப்பிக்கிற டீச்சர், அவர் பாடுகிற சுருதி 5 கட்டை. முதல் நாள் பதிவு வடிவாக முடிந்தது. அடுத்த தடவை இரண்டாம் குரல் சேர்ப்பதற்கு வந்து ஹெட்ஃபோனைப் போட்டவர் பல்லவி முடிய முன்னமே கழற்றிவிட்டார். "தம்பி, சுருதி ஏறிக் கிடக்கு." நண்பர் சுருதி திருத்துகிற ப்ளகின்தான் ஏதோ செய்துவிட்டது என்று அதை எடுத்துப் பார்த்தார், மாறவில்லை. பிறகு அந்த ப்ளகின் கொம்பனியையே வைது எனக்கு அழைப்பு எடுத்தார். டீச்சர் ஒன்றும் பேசாமல் கைத்தொலைபேசியில் இருந்த சுருதிப் பெட்டியை 5இல் வைத்தார், பாட்டோடு ஒட்டவில்லை, ஐந்தரையில் வைத்தார், அதையும் பாட்டு தாண்டிவிட்டது, 6இல் வைத்தார், இப்போது பாட்டு ஒரு மயிரிழை கீழே. அழைப்பிலேயே அந்த மூன்றும் எனக்குக் கேட்டது. 48ஐ 44.1ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 1.088, அதைச் சுரக் கணக்கில் பார்த்தால் ஏறக்குறைய ஒன்றரை அரைச்சுரம் மேலே. 5 கட்டைப் பாட்டு ஐந்தரைக்கும் ஆறுக்கும் நடுவில் போய் நிற்கும், நாலு நிமிடப் பாட்டு மூன்று நிமிடம் நாற்பது வினாடியில் முடிந்துவிடும். எந்த சொஃப்ட்வெயாரும் எச்சரிக்காத ஒன்றை டீச்சரின் காது கொம்பியூட்டரை ஏறெடுத்தும் பார்க்காமல் பிடித்துவிட்டது.

அவர் பிடிக்காமல் விட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஏறின சுருதிக்குக் கஷ்டப்பட்டு இரண்டாம் குரல் பாடியிருப்பார், அந்த நேரத்தில் இரண்டும் ஒட்டிக் கேட்டிருக்கும். அடுத்த நாள் இன்டர்ஃபேஸ் தன் பழைய வேகத்துக்கு வந்ததும் சுருதி சரியாக 5க்கு இறங்கும், ஆனால் இரண்டாம் குரல் இழுபட்டு, தடிமன் பிடித்த ஒருவர் பாடினது போலக் கேட்கும். சுருதியும் தாளமும் சரி, குரல் மட்டும் வேறு யாருடையதோ! அதைத் திருத்த ஈக்வலைசரில் மணிக்கணக்காக உட்கார்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

தீர்வு அலுப்பான ஒன்று. வீட்டுக்கு ஒரு எண் என்று முடிவெடுங்கள். இப்போதெல்லாம் பாட்டுக்கும் வீடியோ வந்துவிடுவதால் நான் 48 என்று வைத்துவிட்டேன். விண்டோஸ் சவுண்டில் அதே அட்வான்ஸ்ட் பக்கத்தில் 48000, இன்டர்ஃபேஸின் சொந்தப் பலகையில் 48, ஒவ்வொரு சொஃப்ட்வெயாரின் புதிய ப்ரொஜெக்ட் அச்சிலும் 48. பழைய 44.1 ப்ரொஜெக்டைத் திறக்க வேண்டி வந்தால் பிரவுசர் உட்பட எல்லாவற்றையும் மூடிவிட்டுத் திறவுங்கள். திறந்த பிறகு இன்டர்ஃபேஸ் பலகையில் எண் உண்மையிலேயே மாறியிருக்கிறதா என்று பாருங்கள், சொஃப்ட்வெயார் சொல்வதை மட்டும் நம்பாமல்.

மக் வாங்கினால் இந்தத் தொல்லையே இல்லை என்று சொல்கிற நண்பர்கள் எல்லாருக்கும் உண்டு. பாதி உண்மை. மக்கில் கோர் ஓடியோ என்ற அடித்தளம் பல சொஃப்ட்வெயார்களை ஒரே நேரத்தில் ஒரு சாதனத்துக்குள் விடும், குளியலறைச் சண்டை அங்கே இல்லை. ஆனால் சாதனம் அங்கேயும் ஒரு நேரத்தில் ஒரு வேகத்தில்தான் ஓடும், ஒன்று எண்ணை மாற்றினால் மற்றதற்கும் அது மாறும். விண்டோஸிலும் சில இன்டர்ஃபேஸ்களின் டிரைவர்கள் பலரை உள்ளே விடுகின்றன, அங்கேயும் எல்லாரும் ஒரே சாம்பிள் ரேட்டில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. பல நேரங்களில் பஃபரும், அதாவது ஒரு தரத்தில் சேர்த்து அனுப்புகிற சத்தத் துண்டின் அளவும், பொதுவாகிவிடும். குரல் பதிய 128 என்று வைத்தால், அது 48இல் மூன்று மில்லி செக்கன்கூட இல்லை, பக்கத்தில் திறந்திருக்கிற கனமான மிக்ஸ் ப்ரொஜெக்ட் அந்த வேகத்துக்குத் தாங்காமல் பொரியத் தொடங்கும். பொரிகிறது அது, காரணம் இது.

மிடி கீபோர்டுக்கும், அதாவது எந்தக் கட்டையை அழுத்தினோம் என்ற செய்தியைக் கொம்பியூட்டருக்கு அனுப்புகிற கீபோர்டுக்கும், இதே கதைதான், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பழைய விண்டோஸ்களில் பெரும்பாலும் ஒரு மிடி வாசலை ஒரு சொஃப்ட்வெயார்தான் திறக்கலாம். எஃப்எல்லில் கட்டை அழுத்தினால் சத்தம் வருகிறது, ரீப்பரில் வரவில்லை என்றால் எஃப்எல்லின் மிடி பக்கத்தில் அந்தக் கீபோர்டை அணைத்துவிடுங்கள். கீபோர்டு நல்லபடி இருக்கிறது, புதிய கேபிள் வாங்க முதலாம் குறுக்குத்தெருவுக்கு ஓடாதீர்கள்.

ப்ளகின்களில்தான் மெல்ல மெல்லப் புழுக்கிற கோளாறு. வி.எஸ்.டி. என்பது ப்ளகின் வகை ஒன்றின் பெயர், அதன் மூன்றாம் பதிப்பான வி.எஸ்.டி. மூன்றுக்கு விண்டோஸில் ஒரு பொது ஃபோல்டர் நியமித்திருக்கிறார்கள், எல்லா சொஃப்ட்வெயாரும் அங்கே போய்ப் பார்க்கும். வி.எஸ்.டி. இரண்டுக்கு அப்படி ஒன்று இல்லை, ஒவ்வொரு இன்ஸ்டோலரும் எங்கே வைக்கட்டும் என்று கேட்கும், நாங்களும் நெக்ஸ்ட் நெக்ஸ்ட் என்று போய்விடுவோம். கடைசியில் ஒரே ரிவேர்ப் (மண்டபத்தில் எதிரொலிக்கிற மாதிரிச் சத்தம் தருகிற ப்ளகின்) இரண்டு ஃபோல்டரில் இரண்டு வயதில் கிடக்கும். அப்டேட் பண்ணினால் ஒன்று புதுப்பிக்கும், மற்றது பழசாகவே இருக்கும். கியூபேஸில் வைத்த அமைப்பை ரீப்பரில் கொண்டுவந்தால் ஒத்துவராது, உடனே சொஃப்ட்வெயாருக்குச் சொஃப்ட்வெயார் சத்தம் வித்தியாசம் என்று ஒரு வாதம் தொடங்கும். அதெல்லாம் ஒன்றுமில்லை, இரண்டும் இரண்டு ரிவேர்பைத் திறந்திருக்கின்றன.

ஒன்றில் தெரிகிற ப்ளகின் மற்றதில் தெரியவே இல்லை என்பது இன்னொரு வழக்கமான முறைப்பாடு. ஒவ்வொரு சொஃப்ட்வெயாரும் தனக்கென்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறது, தேடும்போது ஒரு ப்ளகின் விழுந்துவிட்டால் அதைக் கறுப்புப் பட்டியலில் போட்டுவிட்டு அந்தப் பக்கமே போகாது. அந்தப் பட்டியலைத் திறந்து திரும்பத் தேடச் சொல்ல வேண்டும். பழைய 32 பிட் ப்ளகின் என்றால் அதுவும் உதவாது, கியூபேஸ் 9ஆம் பதிப்போடு 2016இல் அவற்றைக் கைவிட்டது, ரீப்பரும் எஃப்எல்லும் பாலம் போட்டு இன்னும் ஓட்டுகின்றன. பத்து வருடத்துக்கு முந்திய தவில், நாதஸ்வர ப்ளகின் வைத்திருப்பவர்கள் அதன் சத்தத்தை ரீப்பரில் வேவ் கோப்பாக எடுத்து வைத்துவிடுவது நல்லது. வி.எஸ்.டி. இரண்டும் அதே பாதையில்தான் போகிறது, அதற்குப் புதிய உரிமம் கொடுப்பதை ஸ்டெய்ன்பேர்க் 2018 ஒக்டோபரோடு நிறுத்திவிட்டது. அதற்காக இன்றைக்கே எல்லாவற்றையும் துடைத்து எறியாதீர்கள். பழைய ப்ரொஜெக்ட் எந்த வகையில் சேமித்ததோ பெரும்பாலும் அதே வகையைத்தான் தேடும், இல்லையென்றால் அந்த இடத்தை வெறுமையாக விட்டுத் திறக்கும்.

களவு ப்ளகின்களைப் பற்றி உபதேசம் பண்ண எனக்கு உரிமை கிடையாது, இந்த ஊரில் யாருக்கும் கிடையாது. ஆனால் கோளாறு தேடுகிறவனின் பக்கத்திலிருந்து ஒன்று: வைரஸ் காவலை அணைத்துவிட்டு, உரிமம் பார்க்கிற கோப்பை மாற்றி வைக்கிற ஒரு பொதி, அதே நிறுவனத்தின் காசு கொடுத்து வாங்கின ப்ளகினையும் சேர்த்துக் கெடுக்கலாம். அப்படி ஒரு மெஷினில் நான் மேலே சொன்னது ஒன்றும் பிடிகொடுக்காது. ரீப்பர் 60 நாள் முழுதாகப் பாவித்துப் பார்க்க விடுகிறது, தனிப்பட்ட பாவனைக்கான விலையும் 60 டொலர்தான், கூடவே வருகிற ப்ளகின்களே பாதி வேலைக்குப் போதும்.

சொஃப்ட்வெயார் சண்டை என்று நினைத்து அலைய வைக்கிற, அது அல்லாத கோளாறுகளும் உண்டு. சார்ஜரைக் கழற்றியதும் இரைச்சல் நின்றால் அது மின்சாரம், இங்கே 50 ஹேர்ட்ஸ் என்பதால் இரைச்சலும் 50இலும் 100இலும் நிற்கும், ஈக்வலைசரில் பார்த்தாலே தெரியும். எட்டு ஜீபீ ராம் உள்ள லப்டொப்பில் அதே வீணை, மிருதங்க சாம்பிள்களை இரண்டு சொஃப்ட்வெயாரில் ஏற்றினால் அவை இரண்டு தரம் இடம் பிடிக்கும், பிறகு டிஸ்கிலிருந்து இழுத்து இழுத்து வாசிக்கும். வேலை எதுவும் பெரிதாக இல்லாமலே டிக் டிக் என்று விட்டுவிட்டு வெடித்தால் லேட்டன்சிமொன் என்ற இலவசச் சொஃப்ட்வெயாரை ஓட விட்டுப் பாருங்கள், எந்த டிரைவர் நேரத்தை விழுங்குகிறது என்று பெயர் சொல்லிக் காட்டும். பல தடவை அது வைஃபை. பதியும் நேரம் மட்டும் அணைத்து வையுங்கள்.

இரண்டை ஒன்றாக ஓட வைக்கிற கனவு பழசு. புரொப்பெல்லர்ஹெட் என்ற ஸ்வீடன் நிறுவனம் 1998இல் ரீவயர் என்று ஒன்றைக் கொண்டுவந்தது, ஒரு சொஃப்ட்வெயார் மற்றதற்குள் கம்பி இழுத்த மாதிரி ஓடும், சாதனத்தை மற்றதை உள்ளே வைத்திருக்கிற மூத்தவர் மட்டும் பிடித்திருப்பார். நல்ல யோசனை. 2020 முடிவோடு அதைக் கைவிட்டார்கள், அவர்களுடைய ரீசன் இப்போது ப்ளகினாகவே மற்றதற்குள் திறக்கிறது. எஃப்எல் ஸ்டூடியோவும் அப்படித் திறக்கும். நான் அதையும் செய்வதில்லை. தம்பியிடம் ஒவ்வொரு வாத்தியத்தையும் தனித்தனியாக, எல்லாம் முதல் பாரிலிருந்து (பாட்டின் தொடக்கத்திலிருந்து), 24 பிட், 48, வேவ் கோப்பாகத் தா, கோப்பின் பெயரில் டெம்போவை எழுது என்று சொல்லிவிடுவேன். முதலில் முணுமுணுத்தான், இப்போது மிக்ஸ் பண்ணுகிற அண்ணாவுக்கும் அப்படித்தான் அனுப்புகிறான்.

இவ்வளவும் பார்த்து ஒன்றும் சரிவராமல், அல்லது டிஸ்கே சாகப்போகிறது என்று, உண்மையாகவே ஃபோர்மட் அடிக்கத்தான் வேண்டும் என்றால் அடியுங்கள். கடையில் கொடுக்க முதல் காசு கொடுத்து வாங்கின ப்ளகின்களின் உரிமத்தை அந்த மெஷினிலிருந்து கழற்றிவிடுங்கள். பல நிறுவனங்கள் இத்தனை மெஷின் என்று எண்ணிக் கொடுக்கின்றன, விண்டோஸ் மாறினால் அவர்களுக்கு அது புது மெஷின், பழையதில் சிக்கின உரிமத்தை மீட்க ஈமெயில் எழுதிக்கொண்டு இருக்க வேண்டும். ப்ரீசெட்டுகள், அதாவது நீங்கள் சேமித்து வைத்த ப்ளகின் அமைப்புகள், டொக்கியுமென்ட்ஸ் ஃபோல்டரில் மட்டுமில்லை, மறைந்திருக்கிற அப்டேட்டா (AppData) ஃபோல்டருக்குள்ளும் கிடக்கும், ரீப்பரின் அமைப்புகள் முழுக்க அங்கேதான். கடைக்காரர் டெஸ்க்டொப்பையும் டொக்கியுமென்ட்ஸையும் எடுத்து வைத்திருக்கிறேன் என்று சொல்வார், அந்த அப்டேட்டாவை நீங்களே ஒரு பென்டிரைவில் போட்டுவிட்டுக் கொடுங்கள்.